கனிவு என்னும் வேலை

பினாங்கின் நிபோங் திபால் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபட்லினா சிடேக் 2022 டிசம்பரில் மலேசியாவின் கல்வி அமைச்சரானார். ஊரை ஒட்டிய டிரான்ஸ்கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் நடக்கிறது. அமைச்சரும் பல்கலைக்கழகமும் ஒருசேர வாய்ப்பது எல்லாச் சிற்றூருக்கும் கிடைக்கிற பாக்கியமில்லை. ஆனாலும் ஜாவி, பைராம், சங்காட் என்று தோட்டங்களின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் தமிழ்ப்பள்ளி ஒன்றில், ஏழு வயதுப் பிள்ளை நாளைக் காலை பையைத் தூக்கிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புமா, வயிறு வலிக்கிறது என்று போர்வைக்குள் சுருண்டுகொள்ளுமா என்பது அமைச்சர் கையிலும் இல்லை, துணைவேந்தர் கையிலும் இல்லை. அது பெரும்பாலும் வகுப்பாசிரியரின் கையில் இருக்கிறது.

இதை மேடையில் சொல்வது எளிது. ரசாக் அறிக்கை 1956-ஆம் ஆண்டு மே 16-இல் ஏற்கப்பட்டதை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் அந்நாளில் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். அன்று எல்லாப் பள்ளி மண்டபத்திலும் இதே பேச்சுத்தான். அன்பான ஆசிரியர், ஒளிவிளக்கு, ஏணி, தோணி. கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளை கணக்கில் குறைந்த மதிப்பெண் எடுத்ததும் “உங்க டீச்சர் ரொம்பச் செல்லம் குடுக்கிறாங்க, அதான்” என்கிறோம். இரண்டில் எதை நம்புவது? கனிவு கற்கும் ஆசையை உண்மையில் வளர்க்கிறதா, எந்த மாதிரிக் கனிவு, அதற்கு என்ன விலை என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

முதலில் மண்ணின் கதை. பினாங்கில் தமிழ்க் கல்வியின் வயது இருநூறைத் தாண்டிவிட்டது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அது நகரத்துக் கதை. நிபோங் திபால் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், அதற்கும் பிறகு செம்பனை. தமிழர்கள் இங்கே வந்தது படிக்க அல்ல. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. சட்டம் பள்ளியைக் கேட்டது, நல்ல பள்ளியைக் கேட்கவில்லை. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். சில தோட்டங்களில் கிராணியே வாத்தியார், சில இடங்களில் கங்காணியே வாத்தியார். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டவரே சற்று நேரம் கழித்துப் பள்ளியிலும் பெயர் கூப்பிட்டால், பிள்ளைக்குப் பள்ளியும் இன்னொரு வேலைக்காடாகத்தான் தெரிந்திருக்கும்.

மலாயாப் பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியராக இருந்த தி. மாரிமுத்து இதைக் கறாராகவே ஆராய்ந்தார். தோட்டப் பள்ளி பிள்ளைகளை மேலே ஏற்றிவிடும் இடமாக இல்லாமல், இருக்கிற சமூக நிலையையே மறுபடி உற்பத்தி செய்யும் கருவியாக இருந்தது என்பது அவர் வாதம். இதை ஒதுக்கிவிட்டு ஆசிரியரின் அன்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. பசியோடு வருகிற பிள்ளைக்கு, ஆறாம் ஆண்டுக்கு மேல் போக வழியில்லாத பிள்ளைக்கு, ஆசிரியரின் புன்னகை மட்டும் சோறு போடாது. ஆனால் அதே கொட்டகைகளிலிருந்துதான் எழுத்தாளர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். அமைப்பு எல்லாரையும் ஒரே மாதிரி அழுத்தியபோது சிலர் மட்டும் எப்படி மேலே வந்தார்கள் என்று கேட்டால், அந்தக் கதைகளில் தவறாமல் ஒரு வாத்தியார் நிற்கிறார். லயத்துக்கே வந்து “இவனை நிறுத்தாதீங்க” என்று அப்பாவிடம் சண்டை போட்டவர். தான் வாங்கும் தமிழ் நேசன் நாளிதழைப் படிக்கக் கொடுத்தவர். 1950-களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்துக்கு எழுதச் சொல்லிப் பிள்ளைகளைத் தூண்டியவர்.

நினைவுக் கதைகளுக்கு ஒரு குறை உண்டு: வென்றவர்களே அவற்றைச் சொல்கிறார்கள். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு அப்துல் கலாமின் இளமை. ராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் மாலையில் அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார். தன் வீட்டில் முஸ்லிம் சிறுவனுக்கு உணவு பரிமாற மனைவி தயங்கியபோது தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதே கலாம், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் ராமகிருஷ்ண ஐயர் என்ற கணக்கு ஆசிரியரிடம் எல்லார் முன்னிலையிலும் பிரம்படி வாங்கினார். பின்னர் கணக்கில் முழு மதிப்பெண் எடுத்தபோது, தான் அடித்தவன் பெரிய ஆளாவான் என்று அந்த ஆசிரியர் பள்ளிக் கூட்டத்திலேயே பெருமை பேசினாராம். நம் வீடுகளில் இரண்டாவது கதைக்குத்தான் மவுசு அதிகம். “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க வாத்தியாரே” என்று பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை அல்லவா? ஆனால் அந்த ஆசிரியர் அடித்த மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடிபட்டு நின்றுபோனவன் சுயசரிதை எழுதுவதில்லை.

கனிவின் பக்கம் தமிழில் நிற்கும் மிகப் பெரிய சாட்சி உ.வே. சாமிநாதையர். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். வெங்கடராமன் என்ற பெயரில் போனவருக்குச் சாமிநாதன் என்ற பெயரே அந்த ஆசிரியரால் நிலைத்தது. கையில் காசு நிற்காத புலவர் பிள்ளை. ஆனால் மாணவனுக்குப் பாடம் சொல்வதில் கஞ்சத்தனம் பார்க்காதவர், கிறிஸ்தவ மாணவரையும் உடன் வைத்துக் கற்பித்தவர். 1876-இல் பிள்ளை மறைந்தார். ஐந்தாண்டுக்கும் குறைவான பாடம். அதன் பலன் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வந்தது, பிறகு சங்க நூல்களாக வந்தது. ஆசிரியர் போய் ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, 1933-34-இல், அவர் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார் மாணவர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை மாணவனைத் தடவிக்கொடுத்து இளைப்பாறவிட்டவர் அல்லர். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று ஓய்வில்லாமல் பாடம் நடத்தியவர். கனிவும் கடும் உழைப்பும் அங்கே ஒரே ஆளிடம் இருந்தன.

சட்டம் பற்றி இரண்டு வரி. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், அடியையும் மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. மலேசியாவில் 1959-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ ஆண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கலாம். பெண் பிள்ளைகளை அடிக்கக் கூடாது. சட்டத்தை விடப் பழக்கம் வேகமாக மாறியிருக்கிறது என்பது என் எண்ணம். பிரம்பு குறைந்துவிட்டது, நாக்கு குறையவில்லை. “உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு” என்ற ஒரு வரி செய்கிற வேலையைப் பிரம்பு செய்யாது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கதையைப் படித்த ஆசிரியர்கள் அதன் பிறகு கேள்வி கேட்கிற பிள்ளையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது என்று சொல்வார்கள். கேள்விக்குப் பதிலாக அடி வாங்கிய சிறுமியின் கதை அது.

இனி ஆய்வுகள். பிரிட்ஜெட் ஹேம்ரி, ராபர்ட் பியான்டா என்ற இருவர் 179 குழந்தைகளைப் பாலர் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் ஆசிரியரோடு உரசலாக இருந்த குழந்தைகள், அதிலும் குறிப்பாக ஆண் பிள்ளைகள், பல ஆண்டு கழித்தும் படிப்பிலும் நடத்தையிலும் பின்தங்கியே இருந்தார்கள். அதே இருவரின் 2005-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது. பின்தங்கிவிடுவார்கள் என்று முன்கூட்டியே அஞ்சப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள், அரவணைப்பும் நல்ல பாடமும் சேர்ந்து கிடைத்த வகுப்புகளில் மற்றப் பிள்ளைகளுக்கு இணையாக வந்துவிட்டார்கள். சேர்ந்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2011-இல் டெபோரா ரோர்டாவும் குழுவினரும் 99 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியரோடு உள்ள உறவு, பிள்ளை பாடத்தில் காட்டும் ஈடுபாட்டை நன்றாகவே பாதிக்கிறது. மதிப்பெண்ணைப் பாதிப்பது அதைவிடக் குறைவு. மேடைப் பேச்சாளர்கள் இதைக் கேட்க விரும்ப மாட்டார்கள். கனிவான ஆசிரியர் கிடைத்தால் எல்லாரும் ஏழு ‘ஏ’ எடுத்துவிடுவார்கள் என்பது பொய். ஆனால் கற்கும் ஆசை என்ற நம் கேள்விக்கு இந்த முடிவு நேரான பதில். இன்னொன்றும் அதில் தெரிந்தது: கசப்பான உறவின் கேடு தொடக்கப் பள்ளியில் கூடுதல், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் உறவின் செல்வாக்கு மேல் வகுப்புகளில் பெரிது. இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு ஆசிரியரின் அன்பு தேவையில்லை என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மதிப்பெண் அளக்காததை அளக்க முயன்றவர் பொருளியலாளர் கிராபோ ஜாக்சன். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வை 2018-இல் வெளியிட்டார். சில ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் தேர்வில் பெரிதாகக் கூட்டிவிடவில்லை. ஆனால் பள்ளிக்கு ஒழுங்காக வந்தார்கள், வம்பில் மாட்டவில்லை. பள்ளிப் படிப்பை முடிப்பார்களா என்பதைத் தேர்வு மதிப்பெண்ணை விட இந்தப் பாதிப்பே நன்றாகக் காட்டியது. நம் ஊரில் இப்படிப்பட்ட ஆசிரியருக்கு எந்த விருதும் கிடையாது. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-இல் வந்து 2021-இல் ஒழிக்கப்படும் வரை, ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது முழு ‘ஏ’ வாங்கித் தந்தவர்களுக்குத்தான்.

எச்சரிக்கையும் தேவை. உறவு நன்றாக இருந்ததால் பிள்ளை படித்ததா, படிக்கிற பிள்ளையோடு ஆசிரியருக்கு உறவு இயல்பாக அமைந்ததா என்று பிரித்தறிவது கடினம். 1968-இல் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் எழுதிய புகழ்பெற்ற நூல், ஆசிரியரின் எதிர்பார்ப்பே பிள்ளையை உயர்த்திவிடும் என்று உலகமே பேசும்படி செய்தது. உண்மையில் அந்தப் பலன் பெரிதும் முதல் இரண்டு வகுப்புகளில்தான் தெரிந்தது. அளவீடுகள் மீதும் கடும் கண்டனம் எழுந்தது. எதிர்பார்ப்புக்கு வலு உண்டு, மந்திர சக்தி இல்லை.

இவ்வளவு ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய ஒன்று. ஜூடித் கிளைன்ஃபெல்ட் 1970-களில் அலாஸ்காவில், தொலைதூரக் கிராமங்களிலிருந்து நகரப் பள்ளிக்கு வந்த பூர்வகுடி மாணவர்களின் வகுப்புகளைக் கவனித்தார். சில ஆசிரியர்கள் பாடம் சரியாக நடத்தினார்கள், முகம் கல்லாக இருந்தது. பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. வேறு சிலர் பாசமாக இருந்தார்கள், ஆனால் பாவம் பார்த்து எளிய வேலை மட்டும் கொடுத்தார்கள். வகுப்பு மகிழ்ச்சியாக இருந்தது, யாரும் எதையும் கற்கவில்லை. மூன்றாவது வகையினர் நெருங்கிப் பழகினார்கள், விடாமல் வேலையும் வாங்கினார்கள். அவர்களிடமே பிள்ளைகள் மலர்ந்தார்கள்.

அந்த இரண்டாவது வகையை நமக்கு நன்றாகத் தெரியும். “பாவம், தோட்டத்துப் பிள்ளை, இது போதும்.” “அப்பா லோரி ஓட்டுறாரு, வீட்டுல யாரு சொல்லிக் குடுப்பா, பாஸ் பண்ணினா சரி.” இதைச் சொல்பவர் நல்லவர்தான். ஆனால் இந்த இரக்கம் பிள்ளையின் உயரத்தைத் தானே முடிவுசெய்துவிடுகிறது. திட்டுகிற ஆசிரியரை எதிர்த்தாவது ஒரு பிள்ளை படித்துக் காட்டும். பாவம் பார்க்கிற ஆசிரியரை எதிர்க்க வழியே இல்லை. பாராட்டிலும் இதே சிக்கல். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் காட்டியபடி, நீ கெட்டிக்காரன் என்று புகழப்பட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பின் துவண்டார்கள். நன்றாக முயன்றாய் என்று கேட்டவர்கள் அடுத்த கடினமான கணக்கைத் தேடினார்கள். பரிசும் அப்படித்தான். 1973-இல் மார்க் லெப்பர் குழுவினர் செய்த சோதனையில், வரைந்தால் சான்றிதழ் என்று முன்னரே சொல்லப்பட்ட சிறு குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களை விடக் குறைவாகவே வரைந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிற வகுப்புகள் யோசிக்கவேண்டிய விஷயம் இது.

அப்படியானால் சரியான கனிவு கண்ணுக்கு எப்படித் தெரியும்? தென் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பலகையில் 42-இலிருந்து 17 கழித்தல். ஒரு பையன் 35 என்று எழுதியிருந்தான். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். ஆசிரியை தப்பு என்று சொல்லவில்லை. ரப்பர் வளையம் போட்ட ஐஸ்கிரீம் குச்சிக் கட்டுகள் நான்கையும் தனிக் குச்சி இரண்டையும் அவன் மேசையில் வைத்து, “இதிலேருந்து பதினேழு எடுத்து என்கிட்ட குடு” என்றார். ஒரு கட்டைக் கொடுத்தான், இரண்டு குச்சியைக் கொடுத்தான், நின்றுவிட்டான். முன்வரிசையில் “டீச்சர், டீச்சர்” என்று கைகள் எழுந்தன. அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. அவன் உயரத்துக்குக் குனிந்து அப்படியே இருந்தார். பையன் ஒரு கட்டின் வளையத்தை மெல்லக் கழற்றினான். ஐந்து குச்சியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணி, தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, அவனே 35-ஐ அடித்தான். “இன்னொரு கணக்கு குடுங்க டீச்சர்.” அதைவிடக் கடினமான ஒன்றை உடனே கொடுத்தார்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி மேரி பட் ரோ என்பவர் 1970-களிலேயே எழுதினார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று வினாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பதில் சொல்லத் தயங்கியவர்கள் பேசுகிறார்கள், தாங்களாகவே கேள்வி கேட்கிறார்கள். கனிவு என்று நாம் புகழ்வதில் பாதி இப்படிப்பட்ட தொழில்நுணுக்கம். பிறவிக் குணம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டியதில்லை, பழகிக்கொள்ள முடியும். மாணவன் எவ்வளவு கொள்வான் என்று அளந்து, மனமுவந்து கற்பிக்க வேண்டும் என்று நன்னூலின் பொதுப்பாயிரமும் ஆசிரியருக்கு இலக்கணமாகவே சொல்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு அண்மைக்காலச் சான்று சாமுவேல் ஐசாயா. பகாங், முவாட்சாம் ஷா வட்டாரத்து ருஞ்சாங் தேசியப் பள்ளியில் ஒராங் அஸ்லி பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்ற பேச்சை ஏற்காமல், உக்குலேலே வாசித்துப் பாட்டில் தொடங்கி மொழிக்குள் அழைத்துப் போனார். 2020-இல் உலக ஆசிரியர் விருதின் இறுதிப் பத்துப் பேரில் ஒருவரானார்.  அங்கே உறவு முதலில் வந்தது; பாடம் பிறகு வந்தது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் கதையில் ஆசை அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு வருகிறது. எல்லாருக்கும் தன் பெயர் தெரிந்திருந்த சிறிய பள்ளியிலிருந்து, மலாய் வழி நடக்கும் பெரிய இடைநிலைப் பள்ளிக்குப் போகிறான். மொழி தடுமாறுபவர்கள் பெராலிஹான் எனும் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஓராண்டு பின்தங்கிய வெட்கமும் சேர்ந்துகொண்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆறாண்டு ஊட்டிய ஆசையை இந்த ஒரு வருடம் வற்றவைத்துவிடுவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். ரோர்டாவின் முடிவு இங்கேதான் நேராக வந்து பொருந்துகிறது: முதல் படிவத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஓர் ஆசிரியர் வேண்டும், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் சரி.

கடைசியாக, கனிவின் விலை. அது நேரம். நாற்பது பேர் வகுப்பில், பாதி நேரம் இணையப் பாரம் நிரப்புகிற ஆசிரியரிடம் மூன்று வினாடி பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். தேர்வு போய் வகுப்பறை மதிப்பீடு வந்தபோது ஆசிரியருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று நம்பினோம். மதிப்பீட்டைப் பதிவுசெய்வதே தனி வேலையாகிவிட்டது என்பது ஆசிரியர்களின் பொதுப் புலம்பல். இந்த இடத்தில் நம் சிறிய தோட்டப் பள்ளிகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மாணவர் குறைவு என்று நாம் வெட்கப்படும் 150-க்கும் கீழான பள்ளிகளில், ஆசிரியருக்குப் பிள்ளையின் அக்காவையும் தாத்தாவையும் தெரியும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய சோதனையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகள் பெரிய வகுப்புகளை முந்தின. ஒரே ஆசிரியர் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தால் சிறிதானாலும் திட்டமான முன்னேற்றம் வருகிறது என்று 2018-ஆம் ஆண்டின் இன்னொரு ஆய்வு காட்டியது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு அது கூடுதல். பினாங்கின் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதுக் கட்டடம் கேட்டுப் பெற்றிருக்கிறோம், அது தேவைதான். ஆசிரியருக்கு நேரம் கேட்டு நாம் இன்னும் போராடவில்லை.

ஆகவே நிபோங் திபால் வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டுவாருங்கள். முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்கு ஒரே வகுப்பாசிரியரைத் தொடரவிடும்படி தலைமையாசிரியரைக் கேளுங்கள், இதற்குச் செலவில்லை. ஆசிரியரின் எழுத்து வேலையில் எதைப் பெற்றோர் தொண்டர்களால் குறைக்க முடியும் என்று கேட்டு, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றதைத் தொகுதி உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள். கல்வி அமைச்சு அவர் கையில்தானே இருக்கிறது.